ஓர வரிசைத் தீனி

இன்று காலை மேலுரம் போட்டோம். ஈர மண்ணில் யூரியா விழுந்து கொஞ்ச நேரம் ஆனதும் ஒரு காரமான நெடி கிளம்புமே, மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமே, அதே நெடி. நீ முந்தானையை மூக்குக்கு மேலே இழுத்துக் கட்டிக்கொண்டு, "மாட்டு மூத்தரம் நாறுனா கூட ஒரு ஞாயம் கீது, இது இன்னாமே?" என்று கேட்பாய். அந்தக் குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்ட மாதிரி இருந்தது. வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்கள் எனக்கு வெயில் தாங்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்துவிட்டு எழுந்து மிச்சப் பாத்திகளைப் பார்த்து முடித்தேன்.

அதே பண்ணைதான். திருப்பதிக்கு வெளியே, தலை நிமிர்ந்தால் மலை தெரிகிற அதே கரிசலும் செம்மண்ணும் கலந்த காடு. அதே தீபி ஜொன்னதான். வீட்டில் இனிப்புச் சோளம் என்போம், பண்ணைக்குள் காலை வைத்தால் எல்லாம் தெலுங்கு. மறுபடியும் நாலு ரகம், மறுபடியும் நாலு அளவு நைட்ரஜன். ஒன்றுமே போடாத பாத்தி, கொஞ்சம் போட்ட பாத்தி, நடுத்தரம், நிறைய. எந்த ரகம் எந்த அளவுக்கு எவ்வளவு பசுந்தீவனம் தருகிறது என்று அறுத்து எடைபோட்டு எழுத வேண்டும். எத்தனை வருஷமாக இதை எழுதுகிறேன் என்று எண்ணிப் பார்க்கவே அலுப்பாக இருக்கிறது. அடுத்த வருஷம் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போய்த் தொலைகிறேன் என்றுதான் இருக்கிறது.

அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டது, இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கேட்பாய். கேள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் மாடு பாம்பு கடித்துச் சாகவில்லை. நான் கொடுத்த தீனியைத் தின்றுதான் செத்தது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டே, பழியை உன் வீட்டுக்காரர் தலையில் விழவிட்டேன்.

இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

நான் அங்கே கள உதவியாளர், நீ தினக்கூலி. என் கையில் நோட்டு, உன் கையில் அரிவாள். நான் எதைப் பார்த்தாலும் எழுதிக்கொண்டே இருக்கிறேன் என்று எனக்கு நோட்டுக்காரி என்று பெயர் வைத்தாய். பண்ணையே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. "இவளுக்கு எட போடலன்னா சோறு எறங்காதுமே, ராத்திரி புருசனையே தராசுல தொங்கவுட்டுப் பாக்கறாளோ இன்னாவோ" என்று நீ சொல்லி, களையெடுக்கிற அத்தனை பெண்களும் சிரித்து, எனக்குக் கோபம் வந்து, பிறகு நானும் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. சித்தூரில் எங்கள் மிஷன் சபைக் குடும்பத்தில் பெண்கள் அப்படிப் பேசமாட்டார்கள். உன் வாயைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குக் கொஞ்சம் கூச்சம் விட்டது.

உன் கண்ணுக்கு எங்கள் ஆராய்ச்சி ஒரு வேடிக்கை. எடை போடும் முன்னால் ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு தட்டையை ஒடித்து, பல்லால் தோலை உரித்து மென்றுவிட்டு, சாறு முழங்கை வரைக்கும் ஒழுக, "ஒன்னுமே போடாத பாத்திதான்மே தித்திக்குது. நீ யூரியா கொட்டினதெல்லாம் சப்புன்னு கீது" என்பாய். சாற்றில் இனிப்பு எவ்வளவு என்று பார்க்கிற கருவி என் பையில் இருந்தது. ஒரு தரம் உன் வாயை மடக்குவதற்காகவே அதில் வைத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரியாக இருந்தது. நான் உன்னிடம் ஒப்புக்கொள்ளவில்லை, மேகம் மூடியிருக்கிறது, சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். பார், அப்போதே என் புத்தி அப்படித்தான்.

ஓரம் என்ற வார்த்தைக்கு நம் பண்ணையில் இருந்த மதிப்பு வெளியே யாருக்கும் புரியாது. ஒரு பாத்தியைச் சுற்றி இரண்டு வரிசைப் பயிர் கணக்கில் சேராது. பக்கத்துப் பாத்தியின் உரமும் தண்ணீரும் அதன் வேருக்குப் போயிருக்கும், அதனால் அதை முதலில் அறுத்து விலக்கிவிட்டு, நடுவில் இருப்பதைத்தான் எடைபோடுவோம். விலக்கிய ஓர வரிசை ஆட்களுக்கு. இது எந்தக் காகிதத்திலும் இல்லாத வழக்கம். அறுப்பு அன்று காலையிலேயே "ஓரம் யாருக்குமே?" என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். எந்தப் பாத்தி ஓரம் யாருக்கு என்று சொல்கிற அதிகாரம் என் கையில் இருந்தது. பண்ணையில் எனக்கு இருந்த ஒரே அதிகாரம் அதுதான்.

உனக்கு நான் எப்போதும் நிறைய நைட்ரஜன் போட்ட பாத்தியின் ஓரத்தைத்தான் கொடுத்தேன். கருகருவென்று இலை விரிந்து, தண்டு கொழுத்து, பார்த்தாலே மாடு நாக்கை நீட்டும் போல நிற்கும். எடையில் பார்த்தால் கடைசிப் படியில் பெரிய ஏற்றம் ஒன்றும் இருக்காது. உரம் ஏற ஏற தீவனமும் ஏறிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் களைத்துவிடும். நிறம் மட்டும் களைக்காமல் ஏறிக்கொண்டே போகும். என் நோட்டில் நானே எழுதின விஷயம் இது. ஆனால் உனக்குக் கட்டு கொடுக்கும்போது நோட்டைப் பார்க்கவில்லை, நிறத்தைத்தான் பார்த்தேன். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். என் சிநேகிதிக்கு நல்லதாகக் கொடுப்பேன், உங்களுக்கென்ன என்று இருந்தேன்.

அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு நீ வடமாலப்பேட்டை பஸ் ஏறுவது ஒரு கூத்து. பின் படியில் கட்டைப் போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொள்வாய். "இதி பஸ்ஸா, பசுல கொட்டமா?" என்று கண்டக்டர் கத்துவார். "மாட்டுக் கொட்டாய்னா நீ இன்னாத்துக்கு டிக்கெட்டு கிழிக்கிறே?" என்று நீ திருப்பிக் கேட்பாய், அவருக்குத் தமிழ் புரியும் என்று தெரிந்துகொண்டே. மொத்த பஸ்ஸும் சிரிக்கும். கீழே நின்று நானும் சிரிப்பேன். உன் மாடு இரண்டாவது ஈத்து கறவை. அந்தப் பாலை நம்பித்தான் உன் பெண் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். உன் வீட்டுக்காரர் நகரிப் பக்கம் தறியில் வேலை பார்த்துவிட்டு வந்தால் முதலில் மாட்டிடம்தான் போவார், பிறகுதான் உன்னிடம் என்று சொல்லிச் சொல்லி அங்கலாய்ப்பாய். அந்த அங்கலாய்ப்பில் கோபம் கொஞ்சமும் இருந்ததில்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. முதல் அறுப்பு முடிந்து, அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்த்து முழங்கால் உயரம் வந்த சமயத்தில் போர் மோட்டார் எரிந்து போனது. புது மோட்டாருக்குக் காகிதம் மேலே போய்க் கீழே வருவதற்குள் பயிர் சுருண்டது. ஆனால் அட்டவணைப்படி மேலுரம் போட வேண்டிய நாள் வந்தது, போட்டோம். தண்ணீர் இல்லாத பயிருக்கு யூரியா போடுவது பைத்தியக்காரத்தனம் என்று நீ சொன்னாய். எனக்கும் தெரியும். அட்டவணையில் இருந்தது, போட்டேன். அப்புறம் ஒரு தூறல் விழுந்தது. நிறைய நைட்ரஜன் போட்ட பாத்திகள் மட்டும் திடுதிப்பென்று கருத்து எழுந்தன. இருந்தாலும் பரிசோதனை கெட்டுவிட்டது, இரண்டாவது அறுப்பு கணக்குக்கு உதவாது என்று எங்கள் விஞ்ஞானி சார் கைவிட்டார். மொத்தத்தையும் அறுத்து ஆட்களுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். அது ஒரு சனிக்கிழமை.

ஊரில் எங்கும் பச்சை இல்லாத நேரம். ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். நான் வழக்கம்போல உனக்கென்று அந்தக் கருத்த பாத்தியைக் காட்டினேன். நீ உடனே எடுக்கவில்லை. தட்டையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"முழங்கா ஒசரந்தானே கீது. பூ கூட எடுக்கல. காஞ்சு எழுந்த மறுதாம்பு சோளத்த எங்க ஊர்ல மாட்டுக்குக் காட்ட மாட்டாங்கமே. மாடு வுழுந்துடும்பாங்க."

"அது நாட்டுச் சோளம். இது விஷம் கம்மியான புது ரகம், புத்தகத்துலயே போட்டிருக்கு. எனக்குத் தெரியாதா?"

"நெசமாவா?"

"உன் மாட்டுக்குக் கெட்டது குடுப்பேனா நான்?"

இதைச் சொன்னது நான்தான். புத்தகத்தில் போட்டிருந்ததும் உண்மைதான். ஆனால் அது தண்ணீர் பாய்ந்து ஒழுங்காக வளர்ந்து பூவெடுத்த பயிருக்கு எழுதினது. வாடி நின்ற பயிர் மண்ணிலிருந்து இழுத்த உரத்தை வளர்ச்சியாக மாற்ற முடியாமல் தண்டிலேயே நஞ்சாகச் சேர்த்துவைக்கும் என்று அதே புத்தகத்தில் இன்னொரு பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் படித்தது திங்கட்கிழமை. நீ என்னை நம்பி, சிரித்துக்கொண்டே, கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாய்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபைக் கோயிலுக்கு வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உன் போன் வந்தது. "மாடு வுழுந்துடுச்சுமே. எழுந்திருக்க மாட்டேங்குது. வாயேன்" என்றாய். நான் வந்து சேர்ந்தபோது அது கொட்டகைக்கு வெளியே, முள் புதர் ஓரத்தில், காலை விறைத்துக்கொண்டு கிடந்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சாமந்தியும் மஞ்சளும் எதற்கோ அரைத்து அதன் நெற்றியில் பூசியிருந்தாய். என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் கை சில்லென்று இருந்தது. மாட்டு டாக்டர் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

டாக்டர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். "ஏம் மேத வேசாரு?" என்று கேட்டார். என்ன தீனி போட்டீர்கள் என்று உன்னைப் பார்த்துத்தான் கேட்டார். மாடு விழுந்துவிடும் என்று சனிக்கிழமை நீ சொன்னதுதான் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. நீ வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் பதில் சொன்னேன்.

"எப்பவும் போடறதுதான் சார்."

அவருக்கு அன்று இன்னும் ஏழெட்டு ஊர் பாக்கி இருந்தது. புதரைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், பாம்பாக இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்றுதான் சொன்னார். நான் அந்த வார்த்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "பாம்புதான். பாம்பேதான்" என்று உன்னிடம் சொன்னேன். நீ திரும்பினாய். உன் வீட்டுக்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு கொட்டகைத் தூணைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார்.

"பொதர் ஓரமா கட்டாத, பொதர் ஓரமா கட்டாதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்! காத்து வரும், காத்து வரும்னு கட்டினியே, இப்ப வந்துச்சா காத்து? பாம்பு வாயில குடுத்துட்டியே பாவி!"

அவர் துண்டை வாயிலிருந்து எடுத்தார். என்னை ஒரு தரம் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அழுகிறார் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை சாரிடம் போய்ச் சொன்னேன். அதுவும் தைரியத்தில் இல்லை, பயத்தில். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மன ட்ரயல்லோ பசு எக்கட உந்தி?" என்றார். நம் பரிசோதனையில் பசு எங்கே வருகிறது என்கிறார். சரிதான். ரகம் வருகிறது, நைட்ரஜன் வருகிறது, எடை வருகிறது, பசு எங்கேயும் இல்லை. எனக்கு அது அப்போது ஆறுதலாகக்கூட இருந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். அன்றிலிருந்து வாடின மறுதாம்பை மட்டும் ஒருவருக்கும் கொடுக்காமல் குழி தோண்டி மக்கப்போட ஆரம்பித்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம் மேலிடத்து உத்தரவு என்றேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை.

அப்புறம் நீ கன்றுக்குட்டியையும் விற்றுவிட்டாய், வேறு மாடு வாங்கவில்லை. வாங்கவிடவும் இல்லை. உன் பெண் எப்படியோ படித்து முடித்து வேலைக்குப் போய், ஒரு கறவை பிடித்துத் தருகிறேன் என்றபோதுகூட, "இந்த ஆளு இருக்கற ஊட்ல மாடு கூடாது" என்று முடித்துவிட்டாய். உங்கள் வீட்டில் எந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் பாம்பில்தான் முடியும். சாம்பாரில் உப்பு கம்மி என்று அவர் சொன்னால், "பாம்பு வாயில மாட்டக் குடுத்த நாக்குக்கு உப்பு வேற கேக்குதா?" என்பாய். மறுநாள் வரப்பில் உட்கார்ந்து அதை என்னிடம் நடித்துக் காட்டுவாய். நீ நடித்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. சிரித்தேன். சிரித்துவிட்டு மத்தியானச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்ட நாட்கள் உண்டு. இப்படிப் பதினோரு வருஷம்.

எங்கள் சபையில் வாராவாரம் பாவ அறிக்கை உண்டு. எல்லாரும் முழங்கால் போட்டு ஒரே குரலில் சொல்லிவிடுவோம். அத்தனை பேர் குரலில் தனியாக எவரும் மாட்டிக்கொள்ள மாட்டோம், அதுதான் அதில் சௌகரியம். பதினோரு வருஷமும் நான் சத்தமாகத்தான் சொல்லிவந்தேன்.

உனக்குச் சர்க்கரை முற்றி, சிறுநீரகம் போய், ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு வந்தேன். உன் கால் வீங்கி மினுமினுத்தது. உன் வீட்டுக்காரர் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போயிருந்தார். அறையில் நாம் இரண்டு பேர்தான். நான் வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

"எங்கூட்டு ஆள நெனச்சாதான் கவலையா கீதுமே. தனியா வுட்டா ஒன்னும் தெரியாது. நான் போனப்புறம் ஆடு மாடுன்னு எதையாவது வாங்கி வெச்சிக்கினு, அதையும் சாவடிச்சிட்டு அழுதுக்கினு நிக்கும். என் பொண்ணாண்ட சொல்லு, ஒரு கோழிக்குஞ்சு கூட அந்தாள் கையில குடுக்கக் கூடாதுன்னு."

"நீ முதல்ல எழுந்து வா, அப்புறம் பேசலாம்" என்றேன். அவர் வெந்நீரோடு வந்துவிட்டார். நான் அலிபிரி பஸ் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எனக்கு அலிபிரியில் ஒரு வேலையும் இல்லை. வாயில் வந்த ஊர். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். நேராக அதற்காகத்தான் போனேன். உன் வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், ஒரே ஆளுக்கு எதற்கு அவ்வளவு காய் என்று தெரியவில்லை. பழையபடி வாம்மா, வாம்மா என்று வரவேற்றார். தண்ணீர் கொண்டுவந்தார். உட்கார்ந்ததும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணா, உங்க மாடு பாம்பு கடிச்சு சாகல. நான் குடுத்த சோளத்தைத் தின்னுதான் செத்துது."

"இன்னாம்மா?"

தறிச் சத்தத்தில் அவர் காது போனதை மறந்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் கத்திப் பேசும்மா" என்றார். பதினோரு வருஷம் மூடி வைத்திருந்ததை நான் கத்தினேன். எதிர் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

அவர் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும்மா" என்றார்.

கையிலிருந்த தண்ணீரைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கே தெரியும். மாடு வுழுந்ததும் காதக் கீறிப் பாத்தேன். ரத்தம் செவப்பா வரல, காப்பித் தண்ணி கணக்கா வந்துது. பாம்பு கடிச்சா அப்டி வராதுன்னு எங்க நைனா சொல்லுவாரு. காலையில கட்டுல பாதியத்தான் நான் போட்டேன். மீதிய கன்னுக்குட்டி மோந்துக்கினு நின்னுது. அத்த எடுத்துக்கினு போயி மாடு பொதச்ச குழியிலயே போட்டு மூடிட்டேன்."

"அவகிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணா. ஏன் சொல்லல? அவ உங்களைத்தானே..."

"நீ பாம்புன்னு சொன்னே. உன் மூஞ்சியப் பாத்தேன். சரி, இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன்."

"பதினோரு வருஷம்!"

"என்னாண்ட அவ சண்ட போடுவா, திட்டுவா, ரெண்டு நாளு பேச மாட்டா. அப்புறம் தட்டுல சோறு போட்டுத்தானே ஆவணும்? எங்க போயிடுவா? உன்னாண்ட சண்ட போட்டான்னா அதோட முடிஞ்சுது. காலையில எழுந்து, தல வாரி, பூ வெச்சிக்கினு, உன்னப் பாக்கணும்னு பஸ்ஸுக்கு ஓடுவா. கூலிக்குப் போறவ மாரியா போவா? உன்ன வுட்டா அவளுக்கு யாரும்மா இருந்தாங்க?"

நான் அழுதேன். எனக்கு அழவும் தகுதியில்லை என்று தெரியும், இருந்தாலும் அழுகை வந்தது. அவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, உள்ளே போய் ஒரு துவைத்த துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மனுஷனைத்தான் ஒன்றும் தெரியாத ஆள் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது கேட்டேன். "அண்ணா, இப்பவாவது ஒரு மாடு பிடிங்க. நல்ல கறவையா நானே பாத்துத் தரேன். குடுபல்லிப் பக்கம் சொன்னா கொண்டுவந்து விடுவாங்க. உங்க பொண்ணுகிட்ட நான் பேசறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன்."

அவர் கண்ணில் ஒரு நிமிஷம் என்னவோ வந்தது. வெறும் கொட்டகைப் பக்கம் பார்த்தார். அங்கே இப்போது விறகு அடுக்கியிருக்கிறது. மாடு என்றால் அந்த மனுஷனுக்கு எவ்வளவு உயிர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, எனக்குச் சொன்னதே நீதான்.

"வாணாம்மா" என்றார். "அவ கூடாதுன்னுட்டா. அவ இருக்கும்போது ஒரு பேச்சு, போனப்புறம் ஒரு பேச்சுன்னு இருக்கக் கூடாது."

"அவளுக்கு விஷயம் தெரியாதே அண்ணா. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டாளே."

"அதான் தெரியலியே" என்றார். என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை, இருக்கிறதைச் சொன்னார். "எனக்குச் சொல்லி இன்னா ஆவுது? சொல்றதுன்னா அவளாண்ட சொல்லு."

உள்ளே கூட்டிக்கொண்டு போனார். உன் படத்துக்குக் கீழே நின்றேன். உன் பெண்ணின் கல்யாணத்தில் எடுத்தது, எதற்கோ பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறாய். அவ்வளவு நேரம் தெருவே கேட்கக் கத்தினவளுக்கு அங்கே ஒரு வார்த்தை வரவில்லை. நாலு நாள் கழித்து, இன்று, கையின் யூரியா நாற்றம் போவதற்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சொல்லிவிட்டேன். உன் வீட்டுக்காரர் உன் மாட்டைக் கொல்லவில்லை. கொன்றது நான். அவருக்கு விழுந்த திட்டு ஒவ்வொன்றும் எனக்கு விழுந்திருக்க வேண்டியது, அத்தனையையும் அவர் உனக்காக வாங்கிக்கொண்டார், நான் எனக்காக அவரை வாங்கிக்கொள்ள விட்டேன். ஓய்வு பெற்று வெறுங்கையோடு வெளியே வந்தாலும் அந்தப் பாரத்தை எங்கே இறக்கி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கொட்டகையில் மறுபடி ஒரு மாடு நிற்க வேண்டுமென்றால் உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும். வேறு யார் சொன்னாலும் அவர் கேட்கமாட்டார். நீ இல்லை. நான்தான் இருக்கிறேன்.